சம்பளம் சிங்கப்பூரில், வீடு ஜொகூர் பாருவில்: கையில் மிஞ்சுவது எவ்வளவு?

"மாதம் இரண்டாயிரம் வெள்ளி. நம்ம பணத்துக்கு மாற்றினால் ஆறாயிரத்துக்கு மேல். இங்கே யார் கொடுப்பார்?"

கூலாய், மாசாய், ஸ்கூடாய், உலு திராம் வட்டாரத்தில் எந்தக் கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. எஸ்பிஎம் முடித்த பையன், இங்கே தொழிற்சாலையில் பத்து வருடம் ஓட்டியவர், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய் என்று எல்லாரும் ஏதோ ஒரு நாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலும் போடுவது பாதிக் கணக்குதான். சம்பளத்தை மூன்றால் பெருக்குவதோடு அது நின்றுவிடுகிறது. மீதிப் பாதியையும் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

உலகிலேயே செலவு மிகுந்த நகரம் எது என்று ஆண்டுதோறும் பட்டியல் வெளியாகும். 2023-இல் எக்கனாமிஸ்ட் இன்டெலிஜன்ஸ் யூனிட் வெளியிட்ட பட்டியலில் சிங்கப்பூரும் ஸூரிக்கும் சேர்ந்து முதலிடம் பிடித்தன. இத்தகைய பட்டியல்களைப் பெரிதும் பார்ப்பவை, அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பி வைக்கும் நிறுவனங்கள்தான். காலை நான்கு மணிக்கு மோட்டாரை முறுக்கிக்கொண்டு கடற்பாலம் ஏறும் நம் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் எதையும் சொல்வதில்லை. அவன் இரண்டு நகரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒன்றில் சம்பாதித்து மற்றொன்றில் செலவு செய்கிறான். அப்படி ஒரு நாளில் எல்லையைக் கடப்பவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 1924-இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பாலம் அது. 1998-இல் இரண்டாவது பாலம் வந்த பிறகும் நெரிசல் தீரவில்லை.

இந்தக் கதைக்கு அடிப்படை நாணய மாற்று விகிதம். இளையவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும், 1973 வரை இரண்டு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்றாகவே மாறின. அண்மைய ஆண்டுகளில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறக்குறைய 3.20 முதல் 3.50 ரிங்கிட் வரை கொடுத்திருக்கிறோம். இங்கே எல்லாக் கணக்கும் 3.20 என்று வைத்தே போடப்படுகிறது. விகிதம் ஏறினால் மிச்சம் கூடும், இறங்கினால் குறையும்.

ரொட்டி சானாய் கணக்கு

விலையை ரிங்கிட்டிலோ வெள்ளியிலோ பார்க்காமல், அதைச் சம்பாதிக்க எத்தனை நிமிடம் உழைக்க வேண்டும் என்று பார்ப்போம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8.72 ரிங்கிட். ஜொகூர் பாருவில் ஒரு ரொட்டி சானாய் சுமார் 1.50 என்றால், பத்து நிமிட உழைப்பு. சிங்கப்பூரில் 2,000 வெள்ளி வாங்குபவர் மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்தால் மணிக்கு 9.60 வெள்ளி வருகிறது. அங்கே ஒரு பரோட்டா சுமார் 1.50 வெள்ளி. ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய ஒன்றுதான்.

கோழிச்சோறு எடுத்தால் இன்னும் வேடிக்கை. இங்கே 8 ரிங்கிட் கொடுக்க ஒருவர் 55 நிமிடம் உழைக்க வேண்டும். அங்கே உணவங்காடியில் நாலரை வெள்ளி, அரை மணி நேரம் போதும். "சிங்கப்பூரில் எல்லாம் விலை, நம்ம ஊரில் எல்லாம் மலிவு" என்று சொல்வது அங்கே சம்பாதிப்பவருக்குத்தான் பொருந்தும். இங்கேயே ரிங்கிட்டில் குறைந்த சம்பளம் வாங்குபவருக்கு ஜொகூர் பாரு சாப்பாட்டு விஷயத்தில் மலிவான ஊர் இல்லை. இதை நாம் வெளியே அதிகம் பேசுவதில்லை.

அப்படியானால் சிங்கப்பூர் எங்கே விலை? வீட்டிலும் வாகனத்திலும். வீவக அடுக்குமாடியில் ஓர் அறைக்கே மாதம் 800, 900 வெள்ளி போய்விடும். 2,000 வெள்ளி சம்பளத்தில் அது பாதிக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் ஒரு கட்டிலுக்கும் அலமாரிக்கும். கார் வாங்குவதற்கு முன்பு வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பத்து ஆண்டு ஓட்டும் அந்த உரிமைச் சீட்டுக்கு மட்டுமே அண்மைக் காலத்தில் ஏலம் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. மேலே சொன்ன சம்பளக்காரரின் ஐம்பது மாத வருமானம் அது. இங்கே பெரோடுவா அக்சியாவின் அடிப்படை ரகம் 22,000 ரிங்கிட். சிங்கப்பூரில் காருக்கு அவசியம் இல்லாத அளவுக்கு எம்ஆர்டியும் பேருந்தும் இருக்கின்றன. ஜொகூர் பாருவில் கார் இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கும் அம்மாவை மருத்துவமனைக்கும் கொண்டுபோக வழியில்லை. மலிவான கார் இங்கே வசதி அல்ல, கட்டாயச் செலவு. வாழ்க்கைத் தரம் என்று பேசும்போது இந்த ஒரு விஷயத்தில் சிங்கப்பூருக்குப் பக்கத்தில்கூட நாம் நிற்க முடியாது.

ஆக, லாபம் வருவது இரண்டு ஊரில் எந்த ஒன்றிலும் இல்லை. அங்கே சம்பாதித்து இங்கே ரொட்டி சானாய் வாங்கினால் மூன்று நிமிட உழைப்பு. அங்கே சம்பாதித்து இங்கே தாமான் வீட்டுக்கு 1,500 ரிங்கிட் வாடகை கட்டினால் சம்பளத்தில் கால் பங்குகூட ஆகாது. அதே வாடகையை 1,700 ரிங்கிட் வாங்குபவர் கட்டினால் அரிசி வாங்கப் பணம் இருக்காது. எல்லை தாண்டுவதுதான் லாபம். அந்தத் தாண்டலுக்கு என்ன விலை என்பதுதான் அடுத்த கேள்வி.

போடப்படாத பாதி

2,000 வெள்ளி, 3.20 விகிதத்தில் 6,400 ரிங்கிட். போக்குவரத்துக்கும் அங்கே சாப்பிடும் மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்து மாதம் 250 வெள்ளி, அதாவது 800 ரிங்கிட் கழிப்போம். மிச்சம் 5,600.

இங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். வேலை அனுமதி அட்டையில் இருக்கும் மலேசியருக்குச் சிங்கப்பூரில் சிபிஎஃப் எனப்படும் மத்திய சேம நிதி கிடையாது. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. நம் ஊழியர் சேமநிதிக்கும் அந்த முதலாளி கட்டமாட்டார். இங்கே 3,000 ரிங்கிட் சம்பளம் என்றால் ஊழியரிடமிருந்து 11 விழுக்காடு, முதலாளியிடமிருந்து 13 விழுக்காடு, ஆக 24 விழுக்காடு, மாதம் 720 ரிங்கிட் சேமநிதிக்குப் போகிறது. அதே 24 விழுக்காட்டைச் சிங்கப்பூர்ச் சம்பளத்திலிருந்து நாமே ஒதுக்கினால் 1,536 ரிங்கிட். இப்போது மிச்சம் 4,064.

இங்கே 3,000 வாங்குபவர் எல்லாப் பிடித்தமும் போக வீட்டுக்குக் கொண்டுவருவது சுமார் 2,650. வித்தியாசம் 1,400 ரிங்கிட். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்றால் 26 நாளில் 104 மணி நேரம் சாலையிலும் குடிநுழைவு வரிசையிலும் கழிகிறது. பாலத்தில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய 14 ரிங்கிட் கூலி.

இதையே வேறு சம்பளத்துக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே அவருக்குக் கிடைக்கக்கூடியது 1,700 மட்டும்தான் என்றால் வித்தியாசம் 2,500-ஐத் தாண்டும், மணிக்குச் சுமார் 25 ரிங்கிட். அவருக்குச் சிங்கப்பூர் போவது சரியான முடிவு, யாரும் தடுக்கக் கூடாது. இங்கே 4,000 கிடைக்கும் என்றால் வித்தியாசம் சுமார் 500 ரிங்கிட், மணிக்கு ஐந்து ரிங்கிட். ஐந்து ரிங்கிட்டுக்காக இருட்டில் எழுந்து, இருட்டில் வீடு திரும்புவதா என்று அவர் யோசிக்க வேண்டும். பாலம் தாண்டுவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. இங்கே உங்களுக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்பதைப் பொறுத்தது அது.

சேமநிதியை எல்லாரும் அப்படி ஒதுக்குகிறார்களா? பெரும்பாலோர் ஒதுக்குவதில்லை என்பதுதான் நம் வட்டாரத்தில் கண்ணால் பார்க்கும் உண்மை. 6,400-ஐயும் மாதச் சம்பளமாக நினைத்து, அதற்கேற்ப வீட்டுக் கடன், கார்க் கடன் எடுத்துவிடுகிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் உடம்பு ஒத்துழைக்காமல் போகும்போது, சேமநிதிக் கணக்கில் இளம் வயதில் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்த காலத்துப் பணம் மட்டும் கிடக்கும். வேலை அனுமதி முடிந்தால் திரும்பி வந்து பார்க்க வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. இங்கே வேலைக்குப் போகும் வழியில், அல்லது திரும்பும் வழியில் விபத்து நடந்தால் சொக்சோ அதை வேலை தொடர்பான விபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூர் முதலாளி சொக்சோவுக்குச் சந்தா கட்டுவதில்லை. சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் வேலையிடத்தில் நடப்பதற்குப் பொறுப்பேற்கும். வேலைக்குப் போய் வரும் வழி என்றால், முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தில் வந்தால்தான் அதில் இடமுண்டு. சொந்த மோட்டாரில் வருபவருக்குப் பொதுவாக இல்லை. அதாவது, நாளின் மிக ஆபத்தான நான்கு மணி நேரம், மழையில், லாரிகளுக்கு நடுவில், தூக்கக் கலக்கத்தோடு ஓட்டும் அந்த நேரம், எந்தப் பக்கத்துச் சட்டமும் கைகொடுக்காத நேரம். குடும்பத்துக்கு ஒரே சம்பாத்தியம் அவர்தான் என்றால் சொந்தமாக ஒரு விபத்துக் காப்புறுதி எடுக்காமல் பாலம் ஏறுவது பெரிய துணிச்சல். அந்தச் சந்தாவையும் மேலே உள்ள கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாலம் அடைபடும் என்று 2020-க்கு முன் யாரும் நினைத்ததில்லை. அந்த ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. தரைவழி எல்லை எல்லாருக்கும் பழையபடி திறந்தது 2022 ஏப்ரல் 1-இல்தான். அந்த இரண்டு ஆண்டுகளில் சம்பளமா குடும்பமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிவந்தவர்கள் நம் தாமான்களில் ஏராளம். அங்கேயே தங்கியவர்கள் பிள்ளைகளைக் கைப்பேசித் திரையில் பார்த்தார்கள். இங்கே இருந்தவர்கள் பலர் வேலையை இழந்தார்கள்.

குடும்பத்தோடு அங்கேயே போனால் என்ன?

சிலர் இப்படிக் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான், ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்தில்லை. வேலை அனுமதி அட்டையில் இருப்பவர் குடும்பத்தைச் சார்ந்தோர் அட்டையில் அழைத்துவர முடியாது. அதற்கு எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மண்ட் பாஸ் வேண்டும், மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். அங்கே 2024-இல் உள்ளூர்க் குடும்பங்களின் நடுத்தர வேலை வருமானம், முதலாளி கட்டும் சிபிஎஃப் உட்பட, மாதம் 11,297 வெள்ளி. விலைகள் அந்தக் குடும்பங்களை வைத்து ஓடுகின்றன. 2,000 வெள்ளியோடு அங்கே வாழ்பவர் அந்த நகரத்தின் பூங்காவையும் எம்ஆர்டியையும் அனுபவிப்பார், வீட்டையும் குடும்பத்தையும் அல்ல. நிரந்தரவாசம் கிடைத்தவர்கள் கதை வேறு. அவர்களுக்குச் சிபிஎஃப் உண்டு, காலப்போக்கில் வீவக மறுவிற்பனை வீடும் உண்டு. ஆனால் பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் மகனுக்குத் தேசிய சேவைக் கடப்பாடும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

பணத்தில் அளக்க முடியாதவையும் இருக்கின்றன. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, எம்ஆர்டி நிலையத்தில் தமிழ் எழுத்து தெரிகிறது. நமக்கு இங்கே அந்தப் பெருமை இல்லை. அதேநேரம் தமிழை மொழிப்பாடமாக மட்டுமே அங்கே படிக்கலாம். கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இங்கே நாடு முழுவதும் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்னும் நடக்கின்றன. தைப்பூசம் ஜொகூரில் பொது விடுமுறை, சிங்கப்பூரில் 1968-க்குப் பிறகு இல்லை. காவடி தூக்க விரும்புபவர் லீவு கேட்டு நிற்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் நமக்கு ஒரு ரிங்கிட். அங்கே வேலை அனுமதிக்காரருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும், மருத்துவமனையில் தங்கினால் அது உதவும். சாதாரண காய்ச்சலுக்கு அது பெரும்பாலும் கைகொடுக்காது, மலேசியருக்கு மானியமும் இல்லை.

சத்தமில்லாமல் நடந்த ஒரு மாற்றம், என் பார்வையில், பல திட்டங்களைவிட நம் குடும்பங்களுக்கு அதிகம் உதவியது. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறாக மாறியது. அதுவரை சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு, பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி. பிள்ளைக்கு வெள்ளி விடுமுறை, அப்பா பாலத்தில். பத்து ஆண்டுக்கு மேல் அப்படி ஓடியது. இன்று வாரத்தில் ஒரு நாளாவது ஒரே மேசையில் சாப்பிட முடிகிறது.

ரயில் வந்தால் எல்லாம் சரியாகுமா?

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில், 2026 டிசம்பர் வாக்கில் சேவை தொடங்குவது இரு அரசாங்கங்களும் சொல்லிவந்த இலக்கு. பயணம் சுமார் ஐந்து நிமிடம், ஒரு திசையில் மணிக்கு பத்தாயிரம் பேர். புறப்படும் இடத்திலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் அது சுருக்குவது பாலத்தை மட்டுமே. மாசாயிலிருந்து புக்கிட் சாகார் வருவதற்கு நல்ல பேருந்துச் சேவை வேண்டும். உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்கித் துவாஸ் தொழிற்பேட்டைக்குப் போக வேண்டியவருக்கு அங்கிருந்து இன்னொரு நீண்ட பயணம். நம் பிள்ளைகள் மோட்டாரில் போவது ஆசைக்காக அல்ல, வீட்டு வாசலிலிருந்து தொழிற்சாலை வாசல் வரை அது ஒன்றுதான் போகிறது. ரயில் கட்டணம் பேருந்தைவிட எவ்வளவு கூடுகிறது என்பதும், கேடிஎம்மின் ஷட்டல் தெப்ராவ் சேவை ஆர்டிஎஸ் தொடங்கி ஆறு மாதத்தில் நிறுத்தப்படவிருப்பதும், குறைந்த சம்பளக்காரர் கவனிக்க வேண்டியவை.

ரயிலின் இன்னொரு விளைவு இப்போதே தெரிகிறது. நிலையத்தைச் சுற்றி வீட்டு வாடகையும் விலையும் ஏறுகின்றன. வார இறுதியில் அங்கிருந்து வருபவர்கள் கார் கழுவுவது முதல் பல் மருத்துவர் வரை எல்லா இடத்திலும் மும்மடங்கு பலமான பணத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். கடைக்காரருக்கு லாபம், தப்பில்லை. ஆனால் அதே கடையில் ரிங்கிட்டில் சம்பளம் வாங்கி வேலை செய்பவருக்கு அதே விலைப்பட்டியல்தான். ரோன்95 பெட்ரோல் போல மைகாட் காட்டி மலேசியர் விலையில் வாங்கும் வசதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. ஜொகூர் பாருவில் உண்மையில் சிக்கிக்கொண்டவர்கள் பாலம் தாண்டாதவர்கள்: வயதான பெற்றோர், உடல்நலம் இல்லாதவர், சிங்கப்பூர் அட்டை கிடைக்காதவர், தமிழ்ப்பள்ளித் தற்காலிக ஆசிரியர்.

அவர்களுக்கு விடிவு, இந்தப் பக்கச் சம்பளம் ஏறுவதில்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம், முதல் ஐந்து ஆண்டில் 20,000 திறன்மிக்க வேலைகளை இலக்காக வைத்திருக்கிறது. திறன் பெற்ற இளையோருக்கு 4,000 ரிங்கிட்டிலிருந்து தொடக்கச் சம்பளம் என்ற பேச்சும் மாநிலத்தில் அடிபடுகிறது. மேலே போட்ட கணக்கில், பாலம் தாண்டுவது அர்த்தமிழக்கத் தொடங்கும் இடமும் அதே 4,000தான்.

ஆனால் "திறன்மிக்க" என்ற சொல்லைக் கவனியுங்கள். கூலாய் யங் தோட்டம் இன்று ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மைய வளாகம். செம்பனை வெட்டிய மண்ணில் இப்போது கணினிகள் நிற்கின்றன. கட்டும்போது ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும், கட்டி முடித்த பிறகு ஒரு தரவு மையத்துக்கு வேண்டியவர் எண்ணிக்கை குறைவு. அவர்கள் மின்சாரம், குளிரூட்டல், கட்டமைப்பு பராமரிப்பு தெரிந்த தொழில்நுட்பர்கள். தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை எஸ்பிஎம் முடித்ததும் நேராகச் சிங்கப்பூர் முகவரிடம் போனால், இரண்டு ஆண்டு கழித்து இங்கே திறக்கும் அந்த வேலைக்கு அவனிடம் சான்றிதழ் இருக்காது. பாலிடெக்னிக்கிலோ தொழிற்திறன் கல்லூரியிலோ மின்துறை, குளிரூட்டல் துறைப் படிப்பு இரண்டு மூன்று ஆண்டு. அந்தக் காலத்துக்கு வீட்டைத் தாங்க அப்பாவோ அண்ணனோ பாலம் தாண்டுவது ஒரு வழி. ஏற்கெனவே பாலம் தாண்டிக்கொண்டிருப்பவர்கள் சேமநிதிக்குத் தாங்களே சந்தா கட்டலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை ஏற்றுக்கொள்ளப்படும், சேமநிதியின் செயலி வழியாகவோ வங்கி இணையம் வழியாகவோ சம்பள நாளன்றே அனுப்பிவிடலாம். 2024-க்குச் சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு.